அமெரிக்க மசில் கார் ஒரிஜினலா, குளோனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்க கார்கள் மேல் ஆசை வைத்திருக்கும் நண்பர்கள், விற்பனை விளம்பரம் ஒன்றைப் பார்த்தவுடன் படத்தை அனுப்பி "இது நிஜம்தானா, பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கார் மாறுகிறதே தவிர கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். பெரும்பாலும் 1964 முதல் 1972 வரை வந்த கார்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன், ஏனென்றால் காசும் போலியும் அங்கேதான் அதிகம்.

மசில் கார்னா என்ன? பெரிய எஞ்சின் இருந்தா எல்லாமே மசில் காரா?

இல்லை. நடுத்தர அளவு இரண்டு கதவு கார், அதில் பெரிய காருக்கு வைக்கும் வி8 எஞ்சின், சாதாரண சம்பளக்காரர் கடன் போட்டாவது வாங்கக்கூடிய விலை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் மசில் கார். 1964இல் பான்டியாக் தன் டெம்பஸ்ட் லெமான்ஸ் காரில் 389 கியூபிக் இன்ச் எஞ்சினைப் போட்டு ஜிடிஓ என்று விற்றதைத்தான் பலரும் தொடக்கமாகச் சொல்வார்கள். மஸ்டாங், கமேரோ, பாராகூடா எல்லாம் கறாராகப் பார்த்தால் போனி கார் என்ற சின்ன, ஸ்போர்ட்டியான வகை. ஆனால் பெரிய எஞ்சின் போட்ட அவற்றின் வடிவங்களை யாரும் வெளியே தள்ளுவதில்லை, நானும் தள்ளப்போவதில்லை.

இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, 1973இல் பெட்ரோல் நெருக்கடியும் வந்தது. அத்தோடு அந்தக் காலம் முடிந்தது. பத்து வருடம்கூட முழுதாக இல்லை.

குளோன், ட்ரிப்யூட், ரெப்ளிகா, ரீபாடி... எல்லாம் ஒண்ணுதானே?

ஒன்று இல்லை, இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். குளோன் என்றால் அதே கம்பெனி அதே வருடம் செய்த சாதாரண காரை எடுத்து, விலை உயர்ந்த மாடல் போல மாற்றியது. செவ்ரலேவின் சாதா செவெல் மாலிபுவை எஸ்எஸ், அதாவது சூப்பர் ஸ்போர்ட் என்ற உயர்ந்த வடிவம், ஆக்குவது போல. விற்பவர் ஒளிக்காமல் சொன்னால் அதையே ட்ரிப்யூட் என்பார்கள். ரெப்ளிகா என்றால் பொதுவாக சேசிஸ் முதல் பாடி வரை பின்னாளில் வேறொருவர் புதிதாகச் செய்தது; ஃபைபர்கிளாஸ் கோப்ராக்கள் இந்த வகை. ரீபாடி என்பது ஒரு நல்ல காரின் அடையாள எண்ணை எடுத்து வேறொரு உடலில் ஒட்டியது. இது கடைசியில் வரும், அதுதான் ஆபத்தானது.

முதல் மூன்றில் தவறு ஒன்றும் இல்லை, உண்மையைச் சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்றால். பொய் சொல்லி விற்பதுதான் பிரச்சினை.

ஏன் இவ்வளவு மெனக்கெட்டு போலி பண்றாங்க?

வித்தியாசம் அவ்வளவு பெரியது. 1970இல் ஒரு பிளிமத் கூடாவில் (பாராகூடாவின் உயர்ந்த வடிவம்) 426 கியூபிக் இன்ச் ஹெமி என்ற பெரிய எஞ்சின் வேண்டுமென்றால் கூடுதலாக சுமார் 870 டாலர். அன்று அது பெரிய பணம் என்பதால் வாங்கியவர்கள் குறைவு: அந்த வருடம் கூரை திறக்கும் ஹெமி கூடா வெறும் 14, அடுத்த வருடம் 11 என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த 1971 கார்களில் ஒன்று 2014இல் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அதே வருடத்துச் சின்ன எஞ்சின் பாராகூடாவுக்கு உடல் அதேதான், கதவு அதேதான், கண்ணாடி அதேதான். மாற்ற வேண்டியது எஞ்சின், பேட்ஜ், சீட், ஸ்டிக்கர், இன்னும் சில.

இன்று இந்தப் பாகங்கள் எல்லாமே புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. அப்படிச் செய்வதால்தான் பல நல்ல கார்கள் துருப்பிடித்துக் குப்பைக்குப் போகாமல் பிழைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதே பார்சலில் போலி செய்பவருக்கும் வேண்டியது வந்துவிடுகிறது.

கார்ல எஸ்எஸ்னு பேட்ஜ் இருக்கே, அது போதாதா?

போதாது. பேட்ஜ், பானெட், கோடுகள், சக்கரம், ஸ்டீயரிங் எல்லாம் கடையில் கிடைப்பவை. கடையில் கிடைப்பது எதுவும் சாட்சி ஆகாது என்று முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாதி ஏமாற்று இதிலேயே அடிபட்டுப்போகும்.

சரி, அப்போ முதல்ல எதைப் பாக்கணும்?

வின் நம்பர். காருக்குக் கம்பெனி கொடுத்த அடையாள எண். 1968 மாடலில் இருந்து முன் கண்ணாடி வழியாக டேஷ்போர்டு மேலே தெரியும். அதற்கு முந்தைய ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் டிரைவர் பக்கக் கதவின் தூணில், அந்தக் கால மஸ்டாங்கில் பானெட்டைத் திறந்தால் இடது பக்க உள் ஃபெண்டரில் இருக்கும்.

உதாரணத்துக்கு 1969 கமேரோ ஒன்றின் எண் 124379என் என்று தொடங்கினால், 1 என்பது செவ்ரலே, 24 என்பது வி8 போட்ட கமேரோ, 37 கூரை உள்ள கூப்பே, 9 என்பது 1969, என் என்பது ஒஹாயோவின் நார்வுட் ஆலை, அப்புறம் வரிசை எண். பிளிமத்தில் பிஎஸ்23ஆர்0பி என்றால் பி பாராகூடா, எஸ் அதன் உயர்ந்த வரிசையான கூடா, 23 இரண்டு கதவு ஹார்ட்டாப், ஆர் 426 ஹெமி, 0 என்பது 1970, கடைசி பி ஹாம்ட்ராம்க் ஆலை. ஃபோர்டில் 9எஃப்02ஆர் என்றால் 1969, டியர்பார்ன் ஆலை, கூரை பின்னால் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக் உடல், ராம் ஏர் வைத்த 428 கோப்ரா ஜெட். கம்பெனிக்குக் கம்பெனி இலக்கணம் வேறு, ஒருமுறை பிடிபட்டுவிட்டால் போதும்.

நெட்ல இருக்கிற வின் டீகோடர்ல போட்டா தப்பான நம்பர்னு காட்டுதே, அப்போ போலியா?

பயப்பட வேண்டாம். இன்று நாம் பார்க்கும் 17 இலக்க எண் 1981 மாடலில் இருந்துதான் வந்தது. அதற்கு முந்தைய எண்கள் குறுகியவை. பொதுவான இணையதளம் அவற்றை ஏற்காது. அந்தந்த கம்பெனியின் பழைய அட்டவணையை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

வின் நம்பரைப் பாத்தாலே உண்மை தெரிஞ்சுடுற கார் எது எது?

பான்டியாக் ஜிடிஓ 1966 முதல் 1971 வரை: எண் 242 என்று தொடங்க வேண்டும். 237 என்று தொடங்கினால் அது லெமான்ஸ், மேலே எத்தனை பேட்ஜ் இருந்தாலும் சரி. செவெல் எஸ்எஸ்396, 1966 முதல் 1968 வரை: 138. 136 என்றால் சாதா மாலிபு. ஓல்ட்ஸ்மொபீல் 442, 1968 முதல் 1971 வரை: 344.

பிளிமத், டாட்ஜ் எல்லாம் சேர்ந்த கிரைஸ்லர் குடும்பம்தான் இந்த விஷயத்தில் மிக நல்லது. ஐந்தாவது எழுத்தே எஞ்சின். 1970, 71இல் ஆர் என்றால் ஹெமி, வி என்றால் மூன்று கார்புரேட்டர் வைத்த 440, யு என்றால் ஒற்றை கார்புரேட்டர் 440, என் என்றால் 383. ஆனால் 1968, 69இல் ஹெமிக்கு ஜே. வருடம் மாறினால் எழுத்தும் மாறும் என்பதை மறக்கக் கூடாது. அதே ஜே 1970இல் ஏஏஆர் கூடாவிலும் சேலஞ்சர் டி/ஏவிலும் வந்த 340 எஞ்சினைக் குறிக்கும். ஃபோர்டும் எஞ்சின் எழுத்தை வின் எண்ணிலேயே போட்டது: மஸ்டாங் பாஸ் 302க்கு ஜி, பாஸ் 429க்கு இஸட்.

வின் நம்பர் காட்டிக்கொடுக்காத கார்?

தலைவலி இங்கேதான். 1964, 65 ஜிடிஓ லெமான்ஸின் கூடுதல் வசதியாக விற்கப்பட்டது, எண்ணில் தெரியாது. 1967 முதல் 69 வரை வந்த கமேரோ எஸ்எஸ், இஸட்28 இரண்டுமே அப்படித்தான். செவெல் எஸ்எஸ் 1969இல் தனி வரிசை என்ற நிலையை இழந்து வெறும் கூடுதல் வசதி ஆனது, அதனால் 1970 எஸ்எஸ்454இன் எண்ணும் சாதா மாலிபுவின் எண்ணும் ஒரே மாதிரி தொடங்கும். சந்தையில் குளோன்கள் ஏன் இந்த மாடல்களில் குவிகின்றன என்று இப்போது புரியும்.

ஒன்றை மட்டும் எண்ணே சொல்லும்: எது இல்லை என்பதை. கமேரோவில் 124 என்றால் வி8, 123 என்றால் ஆறு சிலிண்டர். 123 என்று தொடங்கும் காரை எஸ்எஸ் என்று ஒருவர் விற்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கூரை திறக்கிற வண்டியா அது முதல்லயே வந்துச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இது சுலபம். ஜெனரல் மோட்டார்ஸில் 67 கன்வர்டிபிள். 37 அல்லது 17 என்றால் கூரை உள்ளது. கிரைஸ்லரில் 27 கன்வர்டிபிள், 23 ஹார்ட்டாப். மஸ்டாங்கில் 1967 முதல் 01 சாதா கூப்பே, 02 ஃபாஸ்ட்பேக், 03 கன்வர்டிபிள். 1965, 66இல் அதுவே 07, 09, 08. சாதா கூப்பேயை வெட்டி ஃபாஸ்ட்பேக் கூரை வெல்டிங் செய்த மஸ்டாங்குகள் நிறைய உண்டு, இந்த இரண்டு இலக்கமே போதும்.

மஸ்டாங் ஜிடின்னு சொல்றாங்க, 1965 மாடல். எதை நம்பறது?

ஜிடி பேக்கேஜ் 1965, 66 எண்ணில் தெரியாது. ஆனால் அந்த இரண்டு வருடமும் நான்கு பேரல் கார்புரேட்டர் வைத்த 289 எஞ்சினோடு மட்டும்தான் அது விற்கப்பட்டது. அதாவது எஞ்சின் எழுத்து ஏ அல்லது கே. சி என்று இருந்தால் இரண்டு பேரல் எஞ்சின், ஜிடி இல்லை. ஏ அல்லது கே இருந்தும் சந்தேகம் என்றால் காருக்கு அடியில் படுத்து, பின்பக்க ஃப்ரேமில் சைலன்ஸர் தொங்கும் இடத்தில் கம்பெனி வெல்டிங் செய்த வலுத்தகடு இருக்கிறதா என்று பாருங்கள். முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும் இருந்தாக வேண்டும்.

பில்ட் ஷீட், பில்ட் ஷீட்னு சொல்றாங்களே, அது என்ன?

ஆலையில் கார் வரிசையில் நகரும்போது, இதில் என்ன எஞ்சின், என்ன கியர் பாக்ஸ், என்ன சீட் என்று தொழிலாளிக்குச் சொல்ல அச்சடித்த தாள். வாடிக்கையாளருக்காகச் செய்ததே இல்லை. வேலை முடிந்ததும் யாரும் எடுத்து வைக்காததால், கையில் கிடைத்த இடத்தில் செருகிவிட்டுப் போனார்கள். செவ்ரலேவில் பெட்ரோல் டேங்க் மேலே, கிரைஸ்லர் கார்களில் பின் சீட்டு ஸ்பிரிங்குக்குள், இன்னும் சிலவற்றில் கார்ப்பெட்டுக்கு அடியில் ஐம்பது வருடம் கழித்தும் கிடைக்கிறது.

வின் நம்பர் பேசாத கார்களுக்கு இதைவிட நல்ல சாட்சி குறைவு. 1965 முதல் 1972 வரை செவ்ரலே கொடுத்த ப்ரொடெக்ட்-ஓ-ப்ளேட் என்ற சின்ன உலோக வாரண்டி அட்டையும் அப்படித்தான், எஞ்சின் குறியீடும் பின் ஆக்ஸில் குறியீடும் அதில் எழும்பி நிற்கும்.

அந்தத் தாளையே போலியா அச்சடிக்க முடியாதா?

முடியும், அடிக்கிறார்கள். தேநீரில் நனைத்து பழுப்பாக்கிய தாள்கூட சுற்றுகிறது. அதனால் தாளை மட்டும் பார்க்காமல், தாள் சொல்வதைக் காரிடம் கேட்க வேண்டும். தாளில் ஏசி என்று இருந்தால் எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டில் ஏசிக்கான துளை இருக்க வேண்டும். பிளிமத், டாட்ஜ் தாளில் நாலு கியர் மேனுவல் என்று இருந்தால் தரைத்தகட்டில் கம்பெனி வெல்டிங் செய்த மேடு இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்காகப் பிறந்த வண்டியில் அந்த இடத்தைப் பின்னாளில் வெட்டியிருப்பார்கள், அந்த வெட்டு தெரியும். ஹெமியோடு நாலு கியர் மேனுவல் என்றால் பின்னால் டானா 60 என்ற கனமான ஆக்ஸில் இருக்க வேண்டும். பெயின்ட் குறியீடு மஞ்சள் என்றால் டேஷ்போர்டுக்கு அடியில் எங்காவது மஞ்சள் ஒளிந்திருக்கும்.

ஒரு நல்ல கார் எல்லா இடத்திலும் ஒரே கதையைச் சொல்லும். போலியில் எங்காவது ஒரு துளை, ஒரு வெல்டிங், ஒரு தேதி வேறு கதை சொல்லிவிடும், அதைத் தேடுவதுதான் வேலை.

கம்பெனிகிட்டயே கேட்டுட முடியாதா?

காரைப் பொறுத்தது. பான்டியாக் என்றால் அதிர்ஷ்டம்: பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு, அந்த வின் எண்ணுக்கு ஆலை போட்ட இன்வாய்ஸின் நகலை அனுப்பும். 1964 ஜிடிஓவின் தலைவலி இதோடு தீர்ந்தது. ஃபோர்டுக்கு 1967 முதல் மார்ட்டி என்ற நிறுவனம் தரும் மார்ட்டி ரிப்போர்ட் உண்டு. ஃபோர்டின் தயாரிப்புப் பதிவுகளை உரிமத்தோடு வைத்திருக்கிறார்கள், எந்த நிறம், எந்த எஞ்சின், எந்த டீலர் என்று வரும். 1965, 66 மஸ்டாங்குக்கு இது கிடைக்காது, அதனால்தான் மேலே தகட்டைப் பார்க்கச் சொன்னேன்.

அமெரிக்காவில் விற்ற செவ்ரலேவுக்கு இப்படி ஒரு வசதி இல்லாதது பெரிய குறை. கனடாவில் விற்ற வண்டி என்றால் மட்டும் ஜெனரல் மோட்டார்ஸ் கனடாவின் பழைய பதிவுகளில் இருந்து விவரம் எடுத்திருப்பார்கள், அந்தக் காகிதம் கூட வரும் காருக்குத் தனி மரியாதை.

இந்த ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஒரு எண்ணைப் பற்றிப் பேசுகின்றன. உங்கள் முன்னால் நிற்கும் இரும்பு அந்த எண்ணுக்குரியதுதானா என்று அவற்றுக்குத் தெரியாது.

எஞ்சின் பக்கத்துல ஒரு தகடு ஒட்டியிருக்கே, அதுல என்ன இருக்கு?

கிரைஸ்லர் கார்களில் அதை ஃபெண்டர் டேக் என்பார்கள். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கீழ் வரியில் எஞ்சின் குறியீடு. இ74 என்றால் ஹெமி, இ87 என்றால் மூன்று கார்புரேட்டர் 440. இரண்டு ஸ்க்ரூவில் நிற்கிற தகடு, அதையும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், அதனால் வின் எண்ணோடும் ரேடியேட்டர் சட்டத்தில் குத்தியிருக்கும் எண்ணோடும் ஒத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது.

கமேரோவில் அது கௌல் டேக். 1969 நார்வுட் ஆலைக் கார்களில், 1968 டிசம்பரில் இருந்து, எக்ஸ் குறியீடு வரும். எக்ஸ்33, எக்ஸ்77 இரண்டும் இஸட்28. எக்ஸ்22, எக்ஸ்66 எஸ்எஸ்396. கலிபோர்னியா ஆலைக் கார்களில் இந்தக் குறியீடே கிடையாது. அங்கே செய்த காரின் தகட்டில் எக்ஸ்33 இருந்தால் தகடு பொய்.

1969 இஸட்28 கன்வர்டிபிள் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, வாங்கலாமா?

அப்படி ஒரு காரை செவ்ரலே விற்கவே இல்லை. அந்த முதல் மூன்று வருடத்தில் இஸட்28 கன்வர்டிபிள் என்று ஆலையில் செய்யப்பட்டது ஒன்றே ஒன்று, 1968இல், அப்போது செவ்ரலேவின் தலைவராக இருந்த பீட் எஸ்டெஸுக்காக. அதே மூன்று வருடத்தில் இஸட்28க்கு ஆட்டோமேட்டிக் கியரும் கிடையாது, ஏசியும் கிடையாது. எஞ்சின் 302 மட்டும். 1967இல் மொத்தமே 602 கார்கள்தான்.

நம்பர்ஸ் மேட்சிங்னா என்ன? விளம்பரத்துல எல்லாரும் போடறாங்க.

எல்லாரும் போடுவதால்தான் அதன் பொருள் தேய்ந்துவிட்டது. சரியான பொருள்: காரோடு ஆலையில் இருந்து வந்த அதே எஞ்சின், அதே கியர் பாக்ஸ். 1968 முதல் எஞ்சினிலும் கியர் பாக்ஸிலும் வின் எண்ணின் பகுதியைக் குத்தியிருப்பார்கள், அது டேஷ்போர்டு எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். சிலர் "அதே வகை எஞ்சின்" என்ற பொருளில் போடுகிறார்கள், அதனால் விற்பவரிடம் எந்த எண் எதோடு பொருந்துகிறது என்று நேராகக் கேளுங்கள்.

இதோடு தேதியும் உண்டு. எஞ்சின் பிளாக்கை வார்த்த தேதி, எஞ்சினைப் பூட்டிய தேதி, கார் முடிந்த தேதி என்ற வரிசையில்தான் இருக்க முடியும். செவ்ரலே பிளாக்கில் சி 12 9 என்று வார்த்திருந்தால் மார்ச் 12, 1969. ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று போகும். பிப்ரவரியில் முடிந்த காருக்குள் மார்ச்சில் வார்த்த பிளாக் எப்படி வந்திருக்கும்?

நம்பரை அழிச்சுட்டு வேற குத்தியிருந்தா?

இதற்கு ரீஸ்டாம்ப் என்று பெயர், பெரிய காசு உள்ள கார்களில் சகஜம். 1970 எல்எஸ்6 செவெலுக்கு, அதாவது 450 குதிரைத்திறன் 454க்கு, மேனுவல் என்றால் எஞ்சின் குறியீடு சிஆர்வி. அது எல்லாருக்கும் தெரியும் என்பதால் வேறு 454 பிளாக்கை எடுத்து, எண் குத்தும் தட்டையான மேடையை இழைத்து, சிஆர்வி என்று குத்திவிடுகிறார்கள்.

கண்டுபிடிக்க வழி உண்டு. செவ்ரலே பிளாக்கின் அந்த மேடையை ஆலையில் ப்ரோச் என்ற வெட்டுக்கருவியால் ஒரே இழுப்பில் சமன் செய்தார்கள், அதனால் நேர்கோடாக மெல்லிய கீறல்கள் இணையாக ஓடும். இழைத்துவிட்டால் அவை போய்விடும், அல்லது வட்டக் கீறல் வரும். எழுத்தின் உருவம், இடைவெளி, ஆழம் எல்லாவற்றையும் அதே மாதத்து நல்ல காரோடு ஒப்பிட வேண்டும். சில எஞ்சின்களை ரிப்பேருக்காக நியாயமாகவே இழைத்திருப்பார்கள் என்பதால் கீறல் இல்லாதது மட்டுமே குற்றத்துக்கு ஆதாரம் ஆகாது. ஆனால் கீறல் இல்லாத மேடையில் புத்தம் புது எழுத்து இருந்தால் அந்த விலையைக் கொடுக்காதீர்கள்.

ஷெல்பி மஸ்டாங் விக்கிறார், டேஷ்போர்டுல கரோல் ஷெல்பி கையெழுத்தே இருக்கு. அதுக்கு மேல என்ன வேணும்?

ஷெல்பி, மஸ்டாங்கை இன்னும் வேகமாக்கித் தன் பெயரில் விற்றவர். கையெழுத்து அவருடையதாகவே இருக்கலாம். 2012இல் இறக்கும் வரை அவர் எத்தனையோ கார்களின் டேஷ்போர்டிலும் க்ளவ் பாக்ஸ் மூடியிலும் போட்டுக் கொடுத்தார், குளோன்களிலும் சேர்த்துத்தான்.

பார்க்க வேண்டியது எண்கள். 1965 ஜிடி350 எல்லாமே ஃபோர்டின் சான் ஹோசே ஆலையில் இருந்து வந்த வெள்ளை ஃபாஸ்ட்பேக், 271 குதிரைத்திறன் கே எஞ்சின், நாலு கியர் மேனுவல். அதனால் ஃபோர்டு எண் 5ஆர்09கே என்று தொடங்கியாக வேண்டும். அதன் மேல் ஷெல்பியின் தகட்டை ரிவெட் அடித்திருப்பார்கள், எஸ்எஃப்எம்5எஸ் என்று தொடங்கும். செய்தது 560க்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஷெல்பி அமெரிக்கன் ஆட்டோமொபைல் கிளப் ஒவ்வொரு காரின் வரலாற்றையும் பதிவேடாகத் தொகுத்து வைத்திருக்கிறது. அதில் இல்லாத ஷெல்பி திடீரென்று கொட்டகையில் கிடைத்தது என்றால் நம்ப நிறைய ஆதாரம் வேண்டும்.

கோப்ரா?

இதுவும் ஷெல்பியின் கார்தான். நண்பர்கள் அனுப்பும் படங்களில் கோப்ரா என்றால் ஏறக்குறைய எப்போதும் ரெப்ளிகாதான். 1960களில் செய்ததே சுமார் ஆயிரம். அசலின் உடல் அலுமினியம், எண் சிஎஸ்எக்ஸ் என்று தொடங்கும். காந்தம் வைத்துப் பார்க்கிறேன் என்று போகாதீர்கள், அது அலுமினியத்திலும் ஒட்டாது, ஃபைபர்கிளாஸிலும் ஒட்டாது. சிஎஸ்எக்ஸ்4000 வரிசை எண்கள் ஷெல்பி கம்பெனியே பின்னாளில் செய்த கண்டினியூவேஷன் கார்கள். அவையும் நல்ல கார்கள்தான், ஆனால் 1965 கார் இல்லை.

சூப்பர்பேர்ட் மாதிரி பெரிய ரெக்கை வச்ச வண்டியைக்கூடவா போலி பண்ணுவாங்க?

மூக்கும் இறக்கையும் கண்ணைப் பறிப்பதால் மற்றதைப் பார்க்க மறந்துவிடுகிறோம். 1970 பிளிமத் சூப்பர்பேர்ட் ரோட் ரன்னரில் இருந்து செய்தது, எண் ஆர்எம்23 என்று தொடங்க வேண்டும். எஞ்சின் யு, வி, ஆர் மூன்றில் ஒன்று. ஆர்எம்23என் என்றால் 383 போட்ட சாதா ரோட் ரன்னர். அப்புறம் கூரை. பந்தயத்தில் காற்று சீராக ஓடப் பின் கண்ணாடியின் அமைப்பை மாற்றினார்கள், அந்த வெல்டிங்கை மறைக்க எல்லா சூப்பர்பேர்டுக்கும் வைனைல் கூரை போட்டார்கள். பளபளப்பான பெயின்ட் கூரையோடு நிற்கும் சூப்பர்பேர்டைப் பார்த்தால் முதல் கேள்வி அதைப் பற்றி இருக்கட்டும்.

கோபோ, யென்கோ கமேரோன்னா என்ன? அதுல பேட்ஜே இல்லையாமே?

கமேரோவில் 400 கியூபிக் இன்சுக்கு மேல் எஞ்சின் வைக்கக் கம்பெனி விதி தடுத்தது. சில டீலர்கள், மொத்தமாக லாரி வாங்கும் கம்பெனிகளுக்கும் டாக்ஸிகளுக்கும் இருந்த சிறப்பு ஆர்டர் வழியில் 427 எஞ்சின் வாங்கினார்கள். அந்த வழிக்குத்தான் கோபோ என்று பெயர். பென்சில்வேனியாவின் டான் யென்கோ இரும்பு பிளாக் 427ஐ வாங்கித் தன் பெயரில் கோடு போட்டு விற்றார். இல்லினாயின் ஃபிரெட் கிப் அலுமினிய பிளாக் இஸட்எல்1ஐக் கேட்டு வாங்கினார். எஞ்சினுக்கு மட்டும் 4,000 டாலருக்கு மேல் ஆனதால் ஓடவில்லை, மொத்தம் 69தான் செய்தார்கள்.

வின் எண் சாதா வி8 கமேரோவுடையதுதான், எஸ்எஸ் பேட்ஜ் கிடையாது, கௌல் டேக்கில் எக்ஸ்11 அல்லது எக்ஸ்44, அவ்வளவே. வெளியே ஆலை போட்ட எந்த அடையாளமும் இல்லாத கார் என்பதால் போலி செய்வது மிக எளிது, நிரூபிப்பது மிகக் கஷ்டம். எஞ்சின் குத்து, ஆக்ஸில் குத்து, ப்ரொடெக்ட்-ஓ-ப்ளேட், டீலர் காகிதம், பழைய உரிமையாளர்களின் தொடர் எல்லாம் சேர்ந்து வராவிட்டால் சாதா கமேரோ விலைக்கு மேல் பேசாதீர்கள். இதில் நான் கறாராக இருப்பேன்.

காகிதம் எல்லாம் சரியா இருக்கு, வின் நம்பரும் சரி. இன்னும் என்ன பயம்?

ரீபாடி. முதலில் சொன்னேனே, அது. உண்மையான ஒரு ஹெமி கார் துருப்பிடித்து மண்ணாகிப் போயிருக்கும், மிஞ்சியது வின் தகடும் ஃபெண்டர் டேக்கும் காகிதமும். அவற்றை நல்ல நிலையில் உள்ள சாதா காருக்கு மாற்றினால் எந்தக் காகிதமும் அதைப் பிடிக்காது. இப்போது டைனகார்ன் போன்ற கம்பெனிகள் 1969 கமேரோ, 1967 மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் உடல்களை முழுதாகப் புதிதாகவே செய்து விற்கின்றன, அதில் கார் கட்டுவது நேர்மையான வேலை. அதில் பழைய தகட்டை ஒட்டுவது வேறு. அமெரிக்காவில் வின் தகட்டைக் கழற்றி ஏமாற்றுவது மத்தியச் சட்டப்படி குற்றம், போலீஸ் காரைப் பறிமுதல் செய்தால் நஷ்டம் வாங்கியவருக்குத்தான்.

அதற்காகத்தான் கம்பெனிகள் எண்ணை மறைவான இடங்களிலும் குத்தின. முதல் தலைமுறை கமேரோவில் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னாலும், வைப்பருக்குக் கீழே உள்ள தகட்டுக்கு அடியிலும். மஸ்டாங்கில் ஃபெண்டரைக் கழற்றினால் உள் தகட்டில். செவெலில் சேசிஸ் மேலே. கிரைஸ்லர் கார்களில் ரேடியேட்டர் சட்டத்திலும் டிக்கி ஓரத்திலும். பூ வடிவ ரிவெட் மாறி சாதா ரிவெட் இருந்தாலோ, தகட்டைச் சுற்றி புது பெயின்ட் இருந்தாலோ இந்த இடங்களைப் பார்க்காமல் வரக் கூடாது. ஆலையின் ஸ்பாட் வெல்டிங் வரிசையாகச் சின்னச் சின்னக் குழியாக இருக்கும், டிங்கரிங் கடை வெல்டிங் மேடாக இருக்கும்.

எஞ்சின் மட்டும் மாத்தின ஒரிஜினல் எஸ்எஸ், அது போலியா?

இல்லவே இல்லை. அந்தக் காலத்தில் இந்த எஞ்சின்களை டிராக் ரேஸ் என்ற நேர்கோட்டுப் பந்தயத்தில் ஓட்டி உடைத்தார்கள், வாரண்டியில் கம்பெனியே வேறு பிளாக் போட்டுக் கொடுத்தது. 138 என்று தொடங்கும் 1967 செவெல் எஞ்சின் போனாலும் எஸ்எஸ்396தான். விலை குறையும், அடையாளம் போகாது. மேட்சிங் எஞ்சின் உள்ள காரைவிட இப்படிப்பட்ட கார்தான் நம் பட்ஜெட்டுக்கு வரும், ஓட்டவும் மனம் பதறாது, என் தேர்வு எப்போதும் இதுதான்.

அப்போ குளோன் வாங்கறது முட்டாள்தனமா?

ஓட்டுவதற்கு என்றால் நல்ல முடிவு. பிரேக்கை நவீனமாக்கலாம், ஏசி போடலாம், மழையில் எடுக்கலாம், யாரும் குறை சொல்லப்போவதில்லை. இரண்டு விஷயம் மட்டும்: குளோன் விலைதான் கொடுக்க வேண்டும், விற்பனைப் பத்திரத்தில் குளோன் என்றே எழுதி வாங்க வேண்டும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது அதே வார்த்தை அடுத்தவருக்கும் போய்ச் சேரட்டும்.

விக்கிறவர் வின் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்ப மாட்டேங்கிறார், நேர்ல வந்து பாருங்கன்றார். போகலாமா?

போக வேண்டாம். கண்ணாடி வழியாகத் தெருவில் போகிறவரே பார்க்கக்கூடிய எண் அது, மறைக்கக் காரணமே இல்லை. எண்ணின் படம், எஞ்சின் குத்தின் படம், டேக்கின் படம், காகிதங்களின் படம், இந்த நான்கும் வந்த பிறகு ரிப்போர்ட்டுக்கு எழுதிப் போட்டு, அது கையில் வந்ததும் அந்த மாடலைத் தெரிந்த ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். மொபார் (கிரைஸ்லர் கார்களின் செல்லப்பெயர்) ஆள் மொபாருக்கு, பான்டியாக் ஆள் பான்டியாக்குக்கு; எல்லாம் தெரியும் என்கிற ஆள் வேண்டாம். வெளிச்சத்தில், லிஃப்டில் ஏற்றி, கீழிருந்து மேலாகப் பார்க்க அரை நாளாவது கேளுங்கள், அதற்கும் மறுத்தால் அட்வான்ஸ் எதுவும் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.